முடியேல்லை எண்டு சொல்லு

அந்தப் பெடியன் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். விமானிக்கு நான் ஓர் அனுமதி கொடுத்தால் அதை அவர் அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். எதுவரை வரலாம், எந்த உயரத்தில் வரலாம், வந்து சேர்ந்தபின் என்ன செய்ய வேண்டும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு நான் சரி என்றால்தான் அது சரி. முகிலுக்குள் பறக்கிறவனுக்கு வெளியே ஒரு மண்ணும் தெரியாது. முன்னால் இருக்கிற கருவிகளும் காதில் விழுகிற என் குரலும்தான் அவனுக்கு வழி. ஆனால் அனுமதியை ஏற்கத்தான் வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. என்னால் முடியாது என்று விமானி சொல்லலாம். முடியாவிட்டால் சொல்லத்தான் வேண்டும், புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை எழுதிய மனுசன் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் ஒரு நாள் வரிசையில் நின்றிருக்கவேண்டும். அப்போது தெரிந்திருக்கும், முடியாது என்ற சொல் எங்கள் ஆட்களின் வாயில் ஏன் வராது என்று.

என் பெயர் யோகநாதன். இரத்மலானையில் விமானக் கட்டுப்பாட்டாளர், வீடு பாமன்கடையில். அந்த அறையில் நான் ஒருவன்தான் தமிழன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் எல்லாரோடும் எரிந்து விழுவேன், மைக்குக்கு முன்னால் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பேன். அங்கே ஆங்கிலம்தான் பேச்சு. ஆத்திரத்துக்கு இடமில்லை.

2008ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். காலையில் வெயில் கொளுத்தியது, மத்தியானம் திரும்புவதற்குள் வானம் கறுத்து வந்துவிட்டது. முந்தின வருஷம் இரவில் இயக்கத்தின் சின்ன விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து கொழும்புக்கு வானத்தைப் பார்த்தாலே பயம். கோட்டைப் பக்கம், துறைமுகப் பக்கம், உயர்ந்த கட்டடங்களின் தலையில் எல்லாம் பீரங்கிகள் வானத்தைப் பார்த்து நின்றன. அந்தப் பக்கம் தெரியாத ஒன்று வந்தால் முதலில் சுடுவார்கள், பிறகுதான் யார் என்று கேட்பார்கள். எங்கள் அறையிலும் எனக்குப் பின்னால் ஒரு யூனிஃபோர்ம்காரரை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவருடைய மேசையில் ஒரு ஃபோன் இருந்தது. அது யாரோடு பேசுகிற ஃபோன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு மணியளவில் கொக்கலையிலிருந்து ஒரு சின்ன விமானம் வந்துகொண்டிருந்தது. பறக்கப் பழக்குகிற பள்ளிக்கூடத்து விமானம். அங்கே திருத்த வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முடிந்ததும் எடுத்துவர ஒரு பெடியனைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். கருவிகளைப் பார்த்துப் பறப்பதற்கான லைசென்ஸ் அவனுக்குக் கிடைத்து அதிக நாள் ஆகவில்லை. கரையோரமாக வடக்கே வந்தால் இரத்மலானை வரும். அதைத் தாண்டி நேரே போனால் வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி, பிறகு பீரங்கிகள் நிற்கிற கோட்டை. இந்த விமானத்துக்கு நாலைந்து நிமிஷ ஓட்டம்.

அதே நேரம் வடக்குப் போர்முனையிலிருந்து காயக்காரரை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய விமானம் இறங்க வந்தது. அதற்கு வழி விட வேண்டும். அதனால் பெடியனுக்குச் சொன்னேன்: பீக்கன் வரை வரலாம், அதுதான் உன் எல்லை, மூவாயிரம் அடியில் நில், பீக்கனை அடைந்ததும் திரும்பித் தெற்குப் பக்கமாக இடப்பக்க வட்டம் போட்டுக்கொண்டிரு, நான் மறுபடி கூப்பிடுவேன். பீக்கன் என்றால் நிலத்தில் இருந்து சமிக்ஞை அனுப்புகிற கம்பம். முகிலுக்குள் இருப்பவனுக்கு அது ஊர்ச் சந்தி.

எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னான். எல்லை, உயரம், தெற்கு, இடப்பக்கம், ஒன்றையும் விடவில்லை. அழகான ஆங்கிலம். கடைசியில் மெல்லிய குரலில் ஒரு "சேர்" போட்டான்.

அந்த "சேர்" எனக்குத் தெரிந்த சேர்.

இரண்டு மாதத்துக்கு முன் காலி வீதியில் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மெல்லிய பெடியன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கறுத்தப் பை. சிப்பாய் வேகமான சிங்களத்தில் என்னவோ கேட்டான். பெடியன் உடனே "ஹரி சேர்", சரி சேர், என்றான். சிப்பாய் இன்னும் ஏதோ கேட்டான். "ஹரி சேர்." சிப்பாய் பையை எடுத்துத் தூர வைத்துவிட்டு அவனை ஓரமாக நிறுத்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிப்பாய் கேட்டது, "பை உன்னுடையது இல்லைத்தானே? யாரோ தந்துவிட்டதுதானே?" என்று. இவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறான். நான்தான் குறுக்கே போய்ச் சிங்களத்தில் விளக்கம் சொல்லிப் பையை மீட்டுக் கொடுத்தேன். உள்ளே விமானிச் சட்டையும் தோளில் குத்துகிற பட்டியும் இருந்தன.

"விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லுறதுக்கென்ன? வாய் இல்லையே உனக்கு?" என்று பஸ்ஸில் ஏறியதும் கத்தினேன்.

"அப்பிடிச் சொன்னா இன்னும் மூண்டு கேள்வி கேப்பினம் அண்ணை," என்றான் அவன். "ஓம் எண்டால் கெதியா விட்டிடுவினம்."

பெயர் சேந்தன், தாயோடு வெள்ளவத்தையில் இருக்கிறேன் என்றான். நானும் என் பெயரைச் சொன்னேன். விட்டுவிட்டார்களே என்று அவன் சந்தோஷமாக இருந்தான். விசரன்.

இப்போது அதே குரல் என் காதில். திரையில் அவனுடைய புள்ளி பீக்கனை நெருங்கிக்கொண்டிருந்தது. காயக்காரரின் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஆங்கிலத்தில் கேட்டேன்: "பீக்கனில் திரும்பித் தெற்கே வட்டம் போடுகிறாய், சரிதானே?"

"சரி, சேர்."

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. ஓம் என்று பதில் வருகிற கேள்வியை இவனிடம் கேட்டு என்ன பிரயோசனம்?

புள்ளி பீக்கனுக்கு மேலே வந்தது. கடந்தது. திரும்பவில்லை. கொஞ்சம் வலப்பக்கம் வளைந்தது, பிறகு இடப்பக்கம், பிறகு நேரே வடக்கு.

"உடனே இடப்பக்கம் திரும்பித் தெற்கே பிடி," என்றேன்.

"இடப்பக்கம், தெற்கே, சேர்." சுத்தமான பதில். புள்ளி வடக்கே போய்க்கொண்டே இருந்தது. நல்ல காலம், காயக்காரரின் விமானம் அதற்குள் இறங்கிவிட்டது.

பக்கத்து மேசையில் பிரியந்த. என்னோடு பத்து வருஷம் வேலை செய்கிறவன், நல்ல மனுசன். அவன் எட்டி என் திரையைப் பார்த்தான், முகம் வெளுத்தது. பின்னால் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. யூனிஃபோர்ம்காரர் எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"மே கவுத?" யார் இது என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்து விமானம் சேர். பழகுகிறவன்."

"பெயர்?"

சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்ப் பெயரைக் கேட்டதும் அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். ஃபோனில் கை வைத்தார், ஆனால் எடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆங்கிலத்தில் இன்னொரு முறை கேட்டேன்: "உன்னால் முடிகிறதா?"

"முடிகிறது, சேர்."

கடவுளே, இவன் செத்தாலும் ஓம் என்று சொல்லிக்கொண்டுதான் சாவான் என்று நினைத்தேன். கீழே வெள்ளவத்தையைத் தாண்டிக்கொண்டிருந்தான். அவன் தாய் அங்கே எந்த ஒழுங்கையிலோ மழைக்கு உடுப்பு எடுத்துக்கொண்டிருப்பாள். யுத்த காலத்தில், எல்லாரும் கேட்கிற அலைவரிசையில், கோட்டையை நோக்கிப் போகிற விமானத்தோடு தமிழில் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் வேலை போகும். வேலை மட்டும் போனால் அதிர்ஷ்டம். தெரிந்துகொண்டுதான் மைக்கை அழுத்தினேன்.

"தம்பி சேந்தன், நான் யோகநாதன். பஸ்ஸில கண்ட அண்ணை. உனக்கு என்ன செய்யுது? முடியேல்லை எண்டா முடியேல்லை எண்டு சொல்லு. நான் கோவிக்கமாட்டன்."

அறையில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிரியந்த தன் காதிலிருந்ததைக் கழற்றினான். என் காதில் ஒரு பெரிய மூச்சு கேட்டது.

"முடியேல்லை அண்ணை," என்றான். குரல் உடைந்துபோயிருந்தது. "திசைகாட்டி பழுதாப் போச்சு. தன்பாட்டில சுத்துது. மற்றக் கொம்பஸும் குலுக்கத்தில நிக்குதில்லை. எது தெற்கெண்டு எனக்குத் தெரியேல்லை."

"எப்பேலயிருந்து?"

"முகிலுக்குள்ள வந்த நேரத்திலயிருந்து அண்ணை. பீக்கனைக் காட்டிற முள்ளைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தனான்."

அட பாவி! முகிலுக்குள் வந்த நேரத்திலிருந்து. திசையே தெரியாமல் இருந்துகொண்டு, தெற்கு தெற்கு என்று எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அறைந்தால் என்ன என்று இருந்தது. கட்டிப்பிடித்தால் என்ன என்றும் இருந்தது.

திசைகாட்டி இல்லாதவனுக்குத் தெற்கு வடக்கு சொல்லக்கூடாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. திரும்பு என்றால் திரும்ப வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், எவ்வளவு என்பதைத் திரையைப் பார்த்து நான் முடிவு செய்வேன்.

"திசைகாட்டியைப் பாக்காதை. இறக்கை சரிவைக் காட்டுறது வேலை செய்யுதோ?"

"அது செய்யுது."

"அது காணும். இப்ப மெதுவா இடப்பக்கம் திரும்பு. நான் நிப்பாட்டு எண்டு சொல்லுமட்டும் திரும்பிக்கொண்டே இரு."

"மொகக்த கிவ்வே?" என்ன சொன்னாய் என்று யூனிஃபோர்ம்காரர் கத்தினார். ஃபோன் இப்போது அவர் காதில் இருந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிரியந்த எழுந்து போய் அவருக்கு முன்னால் நின்றான். கருவி பழுது சேர், திருப்புகிறார், பாருங்கள், திருப்புகிறார், என்று சிங்களத்தில் கெஞ்சினான். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவன். புள்ளியைப் பார்த்து விளங்கிக்கொண்டான்.

புள்ளி கடல் பக்கம் வளைந்தது. கொள்ளுப்பிட்டிக்கு நேரே, கரையைத் தாண்டி, மேற்கு, தென்மேற்கு.

"நிப்பாட்டு."

"நிப்பாட்டிட்டன்."

"அப்பிடியே பிடி. ஆடாதை. நல்லாச் செய்யிறாய்."

யூனிஃபோர்ம்காரர் ஃபோனில் இரண்டு சொல் பேசி வைத்துவிட்டார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்கள் சுடவில்லை.

தெகிவளைக்கு வெளியே கடலுக்கு மேல் வைத்து அவனை மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். திரும்பு, நிப்பாட்டு, திரும்பு, நிப்பாட்டு. கல்கிசைக்குக் கிட்ட முகில் விட்டது. "அண்ணை, ரயில் பாதை தெரியுது!" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கவும் நேரமில்லை. மழையோடு மழையாக வந்து இறங்கினான். கொஞ்சம் குதித்தான், பரவாயில்லை.

விமானம் நிற்பதற்கு முன்னமே ஒரு வாகனம் அதன் பக்கத்தில் போய் நின்றது. பிரியந்த என் கதிரையில் உட்கார்ந்தான். நான் கீழே வரவேண்டும் என்றார்கள்.

கீழே ஓர் அறையில் சிவில் உடுப்பில் இரண்டு பேர். எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. சேந்தனையும் என்னையும் எதிரும் புதிருமாக இருத்தினார்கள், பேசக்கூடாது என்றார்கள். அவனுடைய வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். இறங்கிவிட்டோம், இனி என்ன என்கிற சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னைத்தான் முதலில் விசாரித்தார்கள். ஒலிப்பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். "திரும்பு" என்றால் என்ன, "நிப்பாட்டு" என்றால் என்ன, "கோவிக்கமாட்டன்" என்று ஏன் சொன்னாய். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எழுதியதை வரி வரியாக வாசித்தேன். "இரகசியமாகத் தமிழில் உரையாடினேன்" என்று ஓரிடத்தில் இருந்தது. நாடு முழுக்கக் கேட்கிற அலைவரிசையில் என்ன ஐயா இரகசியம் என்று சண்டை பிடித்து அந்தச் சொல்லை வெட்டுவித்தேன். பிறகு கையெழுத்து வைத்தேன்.

அடுத்தது அவன். மூத்தவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல மற்றவர் சிங்களத்தில் எழுதினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதியைச் சரியாக விளங்கிக்கொண்டு, ஏற்றுக்கொண்டு, அதன்பின் தெரிந்தே நகரத்தின் பக்கம் விமானத்தைச் செலுத்தினேன். அப்படித்தான் எழுதினார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது, ஒலிப்பதிவில் அவன் சரி சேர், முடிகிறது சேர் என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறான்! அந்தத் தாளில் இவன் பெயரை வைத்தால் இந்தப் பிள்ளையை எந்த வருஷத்தில் வெளியே பார்ப்போம்?

"சேர், அவனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது..." என்று தொடங்கினேன்.

"நீ வாயைத் திறந்தால் உன்னுடையதையும் புதிதாக எழுதுவேன்," என்றார் மூத்தவர். கத்தவில்லை, அமைதியாகச் சொன்னார்.

வாயை மூடினேன். தாளைச் சேந்தனின் முன்னால் வைத்தார்கள். பேனையை மேலே வைத்தார்கள்.

"தேருனாத?" விளங்கியதா?

அவன் தாளைப் பார்த்தான். பேனையை எடுத்தான். நான் மேசைக்குக் கீழே விரல்களை நெரித்தேன். ஹரி சேர் என்று வரப்போகிறது, வந்துவிட்டது என்றே நினைத்தேன். கெதியா விட்டிடுவினம் என்று நம்புகிற பிள்ளை. அவன் என் பக்கம் பார்த்தான். நான் தலையைக் கூட அசைக்கத் துணியவில்லை.

பேனையைத் திரும்பத் தாளில் வைத்தான்.

"தேருனே நே, சேர்," விளங்கவில்லை என்றான்.

மூத்தவர் மறுபடி கேட்டார், இந்தமுறை சத்தமாக. அவன் குரல் நடுங்கியது, சொல் மாறவில்லை. தெரிந்த கொஞ்சச் சிங்களத்தைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னான்: விளங்கவில்லை. தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நான் திருப்பிச் சொல்கிறேன். பிறகு கையெழுத்து வைக்கிறேன்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை வந்த அதே மூச்சில் பயமும் வந்தது.

மூத்தவர் ஃபைலை மூடினார். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வரவேண்டும் என்றார். எப்போது வருவார் என்று கேட்டேன். வரும்போது வருவார் என்றார். நான் மொழிபெயர்க்கிறேனே என்றேன். நீயும் இதில் ஒரு ஆள், உனக்குப் போகலாம் என்று சொன்னதே பெரிது என்றார். அதுவரை பெடியன் எங்கே இருப்பான் என்று கேட்டேன். இரண்டு பேர் வந்து அவனை எழுப்பினார்கள். ஒன்றும் விளங்காமல் ஓம் சொல்லியிருந்தால் இன்றைக்கு வீட்டுக்குப் போயிருப்பானோ என்று ஒரு கணம் நினைத்தேன். போயிருப்பான், ஒரு கிழமையில் அந்தத் தாளை வைத்தே திரும்பவும் தூக்கியிருப்பார்கள்.

கதவடியில் நின்று திரும்பி, "அண்ணை, அம்மாவுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ," என்று நம்பரைச் சொன்னான். அவசரத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

வெளியே வந்து காலி வீதியில் ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்று தாய்க்கு ஃபோன் எடுத்தேன். மழை விட்டிருந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சரோஜினிதேவி கதைக்கிறன்."

"நான் எயாப்போட்டில வேலை செய்யிற யோகநாதன். உங்கட மகன் பத்திரமா இறங்கிட்டார்."

"ஓம் சேர்."

"சேர் வேண்டாம் அக்கா, நான் பாமன்கடைதான். ஒரு பிரச்சினை. வாற வழியில ஒரு மெசின் பழுதாகி, விமானம் கொஞ்சம் தவறிப் போட்டுது. அதால விசாரிக்கவெண்டு மறிச்சு வைச்சிருக்கினம். எங்கை கொண்டு போகினம் எண்டு சொல்லேல்லை. எனக்குத் தெரிஞ்ச லோயர் ஒருவர் கொட்டாஞ்சேனையில இருக்கிறார், நான் இப்ப அங்கைதான் போறன். நீங்கள் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் எடுத்துக்கொண்டு ஆயத்தமா இருங்கோ. லோயரோட வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவன். விளங்குதோ?"

"ஓம் சேர்."

"பயப்பிடாதையுங்கோ."

"ஓம் சேர். ஓம் சேர். நல்லது சேர்."

அதே குரல். தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வந்திருக்கிறது.

"அக்கா," என்றேன். "நான் சொன்னதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பிள்ளை பாடம் படிக்கிற சத்தம், ரயில் போகிற சத்தம்.

"மகன் பத்திரமா இறங்கிட்டான் எண்டு சொன்னீங்கள் சேர்," என்றாள். "இப்ப வீட்டை வாறான் எண்டு சொன்னீங்கள்."

திருப்பிச் சொன்னது பிழையென்றால் அதைத் திருத்தாமல் விடக்கூடாது. அது என் வேலை. இருபது வருஷமாகச் செய்கிற வேலை.

"இல்லை அக்கா," என்றேன்.